புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி: எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

குறுநிரல் கேட்கிறார்:

வேரியபிள், இஃப், ஃபார் லூப், ஃபங்ஷன் வரைக்கும் வந்துவிட்ட சிலருக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தேங்கிவிடுகிறார்கள். எழுதத் தெரியும், ஆனால் எதை எழுதுவது என்று பிடிபடுவதில்லை. நேராக ரியாக்ட் பக்கம் போனால் எது மொழி, எது ஃப்ரேம்வொர்க் என்பதே குழம்பிப் போகிறது. அதனால் நடுவில் ஒரு படி இருக்கட்டும் என்று, ஒரே ஃபைலில் அடங்குகிற அளவுக்குச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களைச் சேர்த்து ஒரு லைப்ரரி செய்து வருகிறேன்.

இப்போதைக்கு அதில் இருப்பவை: இரண்டு எண்களுக்கு நடுவில் ஏதோ ஒரு முழு எண் தருவது, அர்ரேயைக் குலுக்குவது, அர்ரேயில் திரும்பத் திரும்ப வருவதை நீக்குவது, நீளமான அர்ரேயை மும்மூன்றாகவோ ஐந்தைந்தாகவோ துண்டு போடுவது, ஏதாவது ஒரு பண்பை வைத்துக் குழுவாகப் பிரிப்பது, ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடுவது, முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, ஒன்று காலியா என்று பார்ப்பது, ஆப்ஜெக்ட்டை முழுசாக நகல் எடுப்பது, டிபவுன்ஸ் (அடுத்தடுத்து வரும் அழைப்புகள் ஓய்ந்த பிறகு ஒரே முறை ஓட்டுவது), ஸ்லீப் (சொன்ன நேரம் காத்திருப்பது).

குலுக்குவதற்கு சார்ட் ஃபங்ஷனுக்குள் மேத்.ரேண்டம் கழித்தல் 0.5 என்று கொடுக்கிற வழியை வைத்திருக்கிறேன், ஒரே வரியில் முடிந்துவிடுகிறது என்பதால். ஸ்ட்ரிங்கைத் திருப்ப வழக்கமான ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின்.

என் கேள்விகள். லோடாஷ் என்கிற பிரபலமான லைப்ரரியில் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது தனியாக ஒன்று செய்வதில் பயன் உண்டா? படிப்பவர்களில் ஒருவர், எல்லா அர்ரேகளும் தங்கள் ஃபங்ஷன்களைப் பெறுகிற அர்ரே.ப்ரோட்டோடைப்பிலேயே இவற்றைச் சேர்த்துவிட்டால் பட்டியல்.குலுக்கு என்று அழகாக எழுதலாமே என்கிறார், அது சரியா? கொடுத்த அர்ரேயையே மாற்றுவதா, புதிதாக ஒன்றைத் திருப்பித் தருவதா? அப்புறம் தப்பான மதிப்பு வந்தால் எரர் எறிவதா, சும்மா விட்டுவிடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சீட்டுக்கட்டு:

நல்ல முயற்சி, தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் அந்தக் குலுக்கலை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். சார்ட்டுக்குக் கொடுக்கிற ஒப்பீட்டு ஃபங்ஷன் ஒரே ஜோடிக்கு எப்போதும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. அதில் ரேண்டம் வைத்தால் ஒரு முறை இது பெரியது என்கிறது, மறுமுறை அது பெரியது என்கிறது, கடைசியில் எந்த வரிசை வரும் என்பது அந்த ப்ரவுசர் எந்த முறையில் சார்ட் செய்கிறது என்பதைப் பொறுத்துப் போய்விடுகிறது. சில வரிசைகள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக வரும். 2010இல் மைக்ரோசாஃப்ட் ஐரோப்பாவில் எந்த ப்ரவுசர் வேண்டும் என்று பயனர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பக்கம் காட்டியது. அதில் ப்ரவுசர்களின் வரிசையைக் குலுக்கிக் காட்ட இதே தந்திரத்தைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். எல்லா ப்ரவுசருக்கும் எல்லா இடமும் சமமாகக் கிடைக்கவில்லை என்பது உடனே வெளியே தெரிந்துவிட்டது.

சரியான வழி ஃபிஷர்-யேட்ஸ். 1938இல் காகிதத்தில் செய்வதற்காக எழுதப்பட்ட முறை, 1964இல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றினார். கடைசி இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். பூஜ்யத்திலிருந்து அந்த இடம் வரைக்கும், அந்த இடத்தையும் சேர்த்து, ஏதோ ஒரு இன்டெக்ஸை எடுங்கள். இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒன்று குறைத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். நான்கைந்து வரிதான், ஃபார் லூப் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இதில் புதியவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் முழு அர்ரேயிலிருந்தும் ஒரு இன்டெக்ஸை எடுத்து இடம் மாற்றுவார்கள், பார்க்க அதுவும் சரியாகத்தான் தெரியும். மூன்று உறுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று தேர்வு, ஆக மொத்தம் 27 வழிகள். ஆனால் மூன்று உறுப்புகளை அடுக்க 6 வரிசைகள்தான். 27ஐ 6ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அப்படியானால் ஏதோ சில வரிசைகளுக்கு அதிக வாய்ப்பு போயே தீரும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அப்புறம் அவர்களையே 60,000 முறை ஓட்டி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். சரியான முறையில் ஒவ்வொரு வரிசையும் 10,000க்குப் பக்கத்தில் நிற்கும், தப்பான முறையில் எண்கள் ஏறுக்குமாறாக இருக்கும், கண்ணாலேயே தெரியும்.

ரேண்டம் எண் ஃபங்ஷனையும் ஒரு பார்வை பாருங்கள். பகடை மாதிரி 1 முதல் 6 வரை வேண்டும் என்றால் சிலர் மேத்.ரேண்டமை 5ஆல் பெருக்கி மேத்.ரவுண்ட் போட்டு 1 கூட்டுவார்கள். அதில் 1க்கும் 6க்கும் பத்தில் ஒரு பங்கு, நடுவில் இருக்கிற நான்கு எண்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று ஆகிவிடும், ஓரத்தில் இருப்பவற்றுக்குப் பாதி அகலம்தான் கிடைக்கிறது. 6ஆல் பெருக்கி மேத்.ஃப்ளோர் போட்டு 1 கூட்டுங்கள், சரியாகிவிடும்.

பழையவலை:

ப்ரோட்டோடைப்பில் சேர்க்கவே வேண்டாம். அந்த மாணவர் கேட்டது நியாயமான கேள்விதான், எழுத அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் விலை என்ன என்பதற்கு வலையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது, அதை அவரிடம் சொல்லுங்கள்.

மூடூல்ஸ் என்று ஒரு லைப்ரரி, 2000களின் பிற்பாதியில் நிறைய தளங்களில் இருந்தது. அது அர்ரே.ப்ரோட்டோடைப்பில் தன் ஃபங்ஷன்களை நேராகச் சேர்க்கும். அவற்றில் ஒன்றின் பெயர் ஃபிளாட்டன். பல வருடம் கழித்து மொழிக்குள்ளேயே அதே பெயரில் ஒரு வசதியைக் கொண்டுவர முயன்றபோது, இரண்டும் மோதிக்கொள்வதால் பழைய தளங்கள் உடையும் என்று தெரிய வந்தது. 2018இல் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் 2019 பதிப்பில் ஃபிளாட் என்ற பெயரில்தான் அது வந்தது. அர்ரேயில் இன்க்ளூட்ஸ் இருக்கிறதே, அதற்கும் முதலில் வைக்க நினைத்த பெயர் கன்டெய்ன்ஸ், அதுவும் இதே மூடூல்ஸால்தான் மாறியது. யாரோ எப்போதோ எழுதிய லைப்ரரிக்காக உலகம் முழுக்க எல்லோரும் பயன்படுத்துகிற மொழி தன் சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொன்று, அப்படிச் சேர்த்தால் அர்ரேயின் மீது ஃபார்-இன் லூப் ஓட்டுகிறவருக்கு நீங்கள் சேர்த்த ஃபங்ஷனின் பெயரும் ஒரு உறுப்பு மாதிரி நடுவில் வந்து நிற்கும். படிக்க ஆரம்பித்தவர்கள்தான் அர்ரேக்கும் ஃபார்-இன் போடுவார்கள். தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

எக்ஸ்போர்ட், இம்போர்ட் போட்டு மாட்யூலாகக் கொடுங்கள், ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பெயரோடு. எது எங்கிருந்து வருகிறது என்பது ஃபைலின் தலையிலேயே தெரியும். அதைப் பார்த்துப் பழகுவதே புதியவருக்குப் பாதிப் படிப்பு.

குறுநிரல்:

இரண்டு பேருக்கும் நன்றி. குலுக்கலை மாற்றிவிட்டேன். 27, 6 கணக்கு அருமை, அதை அப்படியே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். மூல அர்ரேயை மாற்றுவதா வேண்டாமா என்பதை யாராவது சொல்லுங்களேன். ஃபிஷர்-யேட்ஸ் இருக்கிற இடத்திலேயே இடம் மாற்றுவதால் இப்போது கொடுத்த அர்ரேயே கலைந்துவிடுகிறது.

நகலெடு:

மாற்றாதீர்கள். உள்ளே வந்ததும் மூன்று புள்ளி (...) போட்டு ஒரு நகல் எடுத்து, அந்த நகலைக் குலுக்கித் திருப்பிக் கொடுங்கள். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். லைப்ரரி முழுக்க இந்த ஒரே விதி இருக்க வேண்டும். ஒரு ஃபங்ஷன் மாற்றும், இன்னொன்று மாற்றாது என்றால் எது எப்படி என்று மனப்பாடம் செய்ய வேண்டி வரும். ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே அந்தக் கஷ்டம் இருக்கிறது: மேப், ஃபில்டர், ஸ்லைஸ் மூன்றும் புதியதைத் தரும், சார்ட், ரிவர்ஸ், ஸ்ப்ளைஸ் மூன்றும் உள்ளதையே மாற்றும். ரிவர்ஸும் சார்ட்டும் மாற்றியதோடு நிற்காமல் அதே அர்ரேயைத் திருப்பியும் தருவதால், புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது என்றே படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். 2023 பதிப்பில் டூசார்ட்டட், டூரிவர்ஸ்டு என்று மாற்றாத வகைகள் வந்தது இதற்காகத்தான்.

சார்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்களை வரிசைப்படுத்த ஒரு ஃபங்ஷன் உங்கள் பட்டியலில் இல்லை, கட்டாயம் சேருங்கள். ஒப்பீட்டு ஃபங்ஷன் கொடுக்காமல் [1, 10, 2] என்ற அர்ரேயை சார்ட் செய்தால் அது அப்படியே 1, 10, 2 என்றே நிற்கும், ஏனென்றால் எண்களை எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. மதிப்பெண் பட்டியல் மாதிரி எதையாவது செய்கிறவர் 100 எப்படி 99க்கு முன்னால் வருகிறது என்று திகைத்துப் போவார்.

முழு நகலுக்கு வருவோம். மூன்று புள்ளி மேல்தட்டை மட்டும்தான் நகல் எடுக்கும். உள்ளே இருக்கிற ஆப்ஜெக்ட் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும், ஒன்றில் கை வைத்தால் மற்றதிலும் மாறும். இதற்கு ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபை செய்து திரும்ப ஜேசான்.பார்ஸ் செய்கிற வழி எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதில் தேதி வெறும் ஸ்ட்ரிங்காகிவிடும், அன்டிஃபைன்டு மதிப்புள்ள பண்பு காணாமல் போகும், மேப், செட் என்கிற சேமிப்பு வகைகள் இரண்டும் காலி ஆப்ஜெக்ட்டாகும், தன்னையே சுட்டுகிற ஆப்ஜெக்ட் வந்தால் எரர் வரும். ஸ்ட்ரக்சர்டு க்ளோன் என்று உள்ளிணைந்த ஃபங்ஷன் 2022 முதல் எல்லா முக்கிய ப்ரவுசர்களிலும் இருக்கிறது, ப்ரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுகிற நோடில் 17ஆம் பதிப்பிலிருந்து. இவற்றையெல்லாம் அது சரியாகக் கையாளும். உள்ளே ஃபங்ஷன் மாதிரி நகல் எடுக்க முடியாதது இருந்தால் எரர் எறியும். அதனால் இந்த ஃபங்ஷனை உங்கள் லைப்ரரியிலிருந்து எடுத்துவிட்டு, இருப்பதைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுங்கள் என்பேன்.

நேர்வழி:

எல்லோரும் ஃபங்ஷனைத் திருத்துகிறார்கள், நான் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். லோடாஷ் இருக்கும்போது இது எதற்கு? பயன்படுத்துவதற்கு என்றால் தேவையே இல்லை. அண்டர்ஸ்கோர் 2009இல் வந்தது, லோடாஷ் 2012இல். அப்போது மொழியில் பாதி வசதி கிடையாது. இன்று திரும்ப வருவதை நீக்க ஒரு செட்டில் போட்டு எடுத்தால் முடிந்தது. ஸ்ட்ரிங்குக்கு முன்னால் பூஜ்யம் போட்டு நீளம் கூட்டுகிற லெஃப்ட்பேட் நினைவிருக்கிறதா? 11 வரி. 2016 மார்ச்சில் அதை எழுதியவர், லைப்ரரிகளைப் பகிர்ந்துகொள்கிற என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட, பேபல், ரியாக்ட் உட்பட அதை எங்கோ அடியில் நம்பியிருந்த எத்தனையோ திட்டங்களின் பில்டு நின்றுபோனது. அடுத்த வருடப் பதிப்பிலேயே பேட்ஸ்டார்ட் மொழிக்குள் வந்துவிட்டது. உங்கள் மாணவர்களின் லைப்ரரியை என்பிஎம்மில் போட்டு இன்னொருவர் அதை நம்பும்படி செய்ய வேண்டாம். தங்கள் ஃபைலிலேயே இருக்கட்டும்.

ஆனால் கற்றுக்கொள்வதற்கு என்றால் இதைவிட நல்ல பொருள் இல்லை, அதையும் முழு மனதோடு சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. எழுதி முடித்த ஃபங்ஷன்களாகக் கொடுக்காதீர்கள். பெயர், என்ன வரும், என்ன தர வேண்டும், அப்புறம் ஆறேழு டெஸ்ட், இதை மட்டும் கொடுங்கள். உடம்பு காலியாக இருக்கட்டும், அவர்கள் நிரப்பட்டும். முடித்துக் கொடுத்தால் இம்போர்ட் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள், எதுவும் மனதில் நிற்காது. டெஸ்ட்டுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. நோடிலேயே டெஸ்ட் ஓட்டி இருக்கிறது, 20ஆம் பதிப்பிலிருந்து அது நிலையானது. ப்ரவுசரில் செய்கிறவர்களுக்கு கன்சோல்.அசர்ட் போதும்.

டெஸ்ட்டில் வில்லங்கமான மதிப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும். துண்டு போடுகிற ஃபங்ஷனை எடுங்கள். ஏழு உறுப்பு, மூன்று மூன்றாக, கடைசித் துண்டில் ஒன்று மட்டும், இதைப் பெரும்பாலும் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். காலி அர்ரே கொடுத்தால்? காலி அர்ரே வர வேண்டும். துண்டின் அளவு 0 என்று கொடுத்தால்? லூப்பில் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பூஜ்யத்தைக் கூட்டினால் நகரவே நகராது, டேப் உறைந்துபோகும். லோடாஷ் இந்த இடத்தில் பேசாமல் காலி அர்ரேயைத் தருகிறது. படிப்பவர்களுக்கான லைப்ரரியில் நான் ரேஞ்ச் எரர் எறியச் சொல்வேன், "அளவு 1 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வந்தது 0" என்று தெளிவான செய்தியோடு. உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதுதான் என் பதில். பேசாமல் விட்டால் பிழை எங்கோ தள்ளிப்போய் வேறு உருவத்தில் வெளிவரும், அங்கே உட்கார்ந்து தேடுகிற அளவுக்கு அவர்களுக்கு இன்னும் பழக்கமில்லை.

வாசிப்பவள்:

நேர்வழி சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் எல்லாவற்றையும் காலியாகக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. வேலைக்குப் போனால் மற்றவர் எழுதியதைப் படிப்பதில்தான் அதிக நேரம் போகிறது. அந்தப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். சிலவற்றை முழுசாக எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களைச் சொல்ல வையுங்கள். அதற்கு டிபவுன்ஸ்தான் பொருத்தம். பத்து வரிக்குள் அடங்கிவிடும், ஆனால் காலியாகக் கொடுத்தால் புதியவர் யாரும் தானாக எழுதிவிட மாட்டார்.

தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் சர்வருக்குக் கேள்வி போகாமல், அடிப்பதை நிறுத்தி 300 மில்லிசெகண்ட் ஆன பிறகு ஒரே ஒரு கேள்வி போக வேண்டும், அதுதான் தேவை. டிபவுன்ஸ் ஒரு ஃபங்ஷனை வாங்கி இன்னொரு ஃபங்ஷனைத் திருப்பித் தருகிறது. திருப்பித் தரப்படுவது ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் பழைய டைமரை ரத்து செய்து புதியதை வைக்கிறது. இங்கே எல்லாமே ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: டைமர் என்கிற வேரியபிள் உள் ஃபங்ஷனுக்கு வெளியே, டிபவுன்ஸுக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை உள்ளே இழுத்துப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் தனி டைமர் பிறக்கும், பழையதை ரத்து செய்ய வழியிருக்காது, ஐந்து எழுத்து அடித்தால் ஐந்து கேள்வியும் 300 மில்லிசெகண்ட் தாமதமாக வரிசையாகப் போய்ச் சேரும். வெளியே வைத்தால் சரியாகும். க்ளோஷர் என்றால் என்ன என்று மூன்று பக்கம் விளக்குவதைவிட இந்த ஒரு வரியை மேலும் கீழும் நகர்த்துவது நன்றாகப் புரியவைக்கிறது.

ஆக, டிபவுன்ஸை முடித்துக் கொடுங்கள், துண்டு போடுவதையும் குலுக்கலையும் காலியாகக் கொடுங்கள்.

காலியா என்று பார்க்கிற ஃபங்ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலி என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். 0 காலியா? ஃபால்ஸ் காலியா? லோடாஷில் அந்த ஃபங்ஷனுக்கு 1 கொடுத்தாலும் ட்ரூ என்றுதான் வரும், எண்ணுக்குள் எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை என்பது அதன் கணக்கு. அதற்கு ஒரு தர்க்கம் இருக்கலாம், புதியவருக்கு அது குழப்பம். நீங்கள் எழுதும்போது நல் (null) என்ற வெற்று மதிப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும், டைப்ஆஃப் நல் என்று கேட்டால் ஆப்ஜெக்ட் என்றே பதில் வரும், 1995இன் முதல் வடிவத்திலிருந்தே அது அப்படித்தான். அதனால் நல்லை முதலில் வடிகட்டாமல் ஆப்ஜெக்ட்டின் கீகளை எண்ணப் போனால் எரர். என்னைக் கேட்டால் காலி அர்ரேயா, காலி ஸ்ட்ரிங்கா, காலி ஆப்ஜெக்ட்டா என்று மூன்று தனி ஃபங்ஷன்களாகப் பிரித்துவிடுவேன், ஒவ்வொன்றும் ஒரே வரி.

எழுத்தெண்ணி:

ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களை யாரும் தொடவில்லையே. நாம் தமிழில் படிக்கிறோம், தமிழில் சொல்லிக் கொடுக்கிறோம், அப்புறம் மாணவர் முதலில் எதைக் கொடுத்துச் சோதிப்பார்? 'தமிழ்' என்றுதான் கொடுப்பார். உங்கள் ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயினில் அதைப் போட்டுப் பாருங்கள். முதலில் தனியே தொங்கும் ஒரு புள்ளி வரும், அடுத்து ழி, ம, த. மகரத்தோடு இருந்த இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ழகரத்தின் புள்ளி அநாதையாகிவிடும்.

காரணம், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அந்தச் சொல்லின் நீளம் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு அது மூன்று எழுத்து. ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் இது வெளியே வராது. ஸ்ப்ளிட்டுக்குப் பதில் மூன்று புள்ளி போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். இமோஜி விஷயத்தில் அது ஓரளவு உதவும், ஒற்றை இமோஜிகூட நீளம் 2 என்று வருகிற சிக்கலை அது தீர்க்கும், தமிழுக்கு உதவாது. குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள்தான்.

இன்டல்.செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது. க்ராஃபீம் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) என்ற அளவில் பிரிக்கச் சொன்னால் த, மி, ழ் என்று மூன்றாகவே தரும். குரோமில் 2020இலிருந்து உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் வந்தது, இப்போது தைரியமாகப் பயன்படுத்தலாம். அதை வைத்துத் திருப்பினால் ழ், மி, த என்று ஒழுங்காக வரும். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாகத்தான் பிரியும், அதையும் ஒரே எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் நீங்களே சேர்க்க வேண்டியதுதான்.

திரும்ப வருவதை நீக்கும் ஃபங்ஷனிலும் ஒரு கண்ணி. 'கொ' என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், === போட்டுப் பார்த்தால் ஃபால்ஸ். வெவ்வேறு கீபோர்டில் அடித்த பெயர்ப்பட்டியலை செட்டில் போட்டால் 'கொடி' இரண்டு முறை நிற்கும். ஸ்ட்ரிங்கில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு செட்டில் போடுங்கள், சரியாகிவிடும்.

முதல் எழுத்தைப் பெரிதாக்குவது இருக்கட்டும், கெடுதல் இல்லை. அதோடு சொல்லின் எழுத்துகளை எண்ணுகிற ஒரு ஃபங்ஷனையும் சேருங்கள், தமிழ் படிப்பவருக்கு அதில்தான் ஆர்வம் வரும்.

குறுநிரல்:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன்: முழு நகலை எடுத்துவிடுகிறேன், காலிச் சோதனையை மூன்றாக உடைக்கிறேன், எண் வரிசையையும் எழுத்து எண்ணுவதையும் சேர்க்கிறேன். டிபவுன்ஸும் ஸ்லீப்பும் முடித்த வடிவத்தில், மற்றதெல்லாம் காலி உடம்பும் டெஸ்ட்டுமாக. மாட்யூல்தான், ப்ரோட்டோடைப் கிடையாது, மூடூல்ஸ் கதையை அந்த மாணவரிடம் சொன்னேன், அவரே ஃபிளாட்டைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு வந்தார்.

குழுவாகப் பிரிப்பது மட்டும் மிச்சம். ஒரு காலி ஆப்ஜெக்ட்டை வைத்துக்கொண்டு, அந்தக் கீ இல்லையென்றால் காலி அர்ரே போட்டு, அப்புறம் புஷ் செய்கிறேன். இதில் ஏதாவது கண்ணி உண்டா?

பழையவலை:

இரண்டு உண்டு. ஆப்ஜெக்ட்டின் கீ எப்போதும் ஸ்ட்ரிங்தான் (சிம்பல் தவிர), அதனால் எண் 1ஐயும் ஸ்ட்ரிங் '1'ஐயும் கீயாகக் கொடுத்தால் இரண்டும் ஒரே குழுவில் விழும். சில சமயம் அதுதான் வேண்டியிருக்கும், சில சமயம் வேண்டாம்.

இரண்டாவதுதான் கடினமானது. ஒரு கட்டுரையில் எந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று சொல் வாரியாகப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை நிரலாக்கத்தைப் பற்றியது, ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் கன்ஸ்ட்ரக்டர் என்ற சொல் வந்தால் உங்கள் ஃபங்ஷன் எரர் எறியும். நீங்கள் காலி என்று நினைக்கிற ஆப்ஜெக்ட், கன்ஸ்ட்ரக்டர் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷனைத் தன் ப்ரோட்டோடைப்பிலிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது. கீ இருக்கிறதா என்று பார்த்தால் இருக்கிறது என்று வரும், காலி அர்ரே போட மாட்டீர்கள், புஷ் செய்யப் போனால் ஃபங்ஷனுக்கு ஏது புஷ். ஆப்ஜெக்ட்.க்ரியேட்டுக்கு நல் கொடுத்து ஆரம்பித்தால் இந்தச் சிக்கல் இல்லை, அல்லது மேப் பயன்படுத்துங்கள், அதில் 1ம் '1'ம் தனித்தனியாகவே நிற்கும்.

2024 பதிப்பில் ஆப்ஜெக்ட்.குரூப்பை (Object.groupBy), மேப்.குரூப்பை (Map.groupBy) இரண்டும் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன, முதலாவது ப்ரோட்டோடைப் இல்லாத ஆப்ஜெக்ட்டைத்தான் தருகிறது. ஆனால் மாணவர்களை முதலில் உங்கள் முறையிலேயே எழுத விடுங்கள், டெஸ்ட்டில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு.

குறுநிரல்:

சேர்த்துவிட்டேன். டெஸ்ட் எல்லாம் முடிந்ததும் ஃபைலை இங்கேயே போடுகிறேன், வில்லங்கமான மதிப்பு வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.